உதவி: சேவ் கொடுத்தால் ஃபைல் காலியாகிவிடுகிறது

சோமனூர்_பாவு
வணக்கம்ங்க. நோட்பேடு மாதிரி சின்னதாக ஒரு எடிட்டர் செய்கிறேன். எழுத, அழிக்க எல்லாம் வந்துவிட்டது. நேற்று ஓப்பன், சேவ் சேர்த்தேன். சேவ் கொடுத்தால் ஃபைல் உருவாகிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. எரரும் வரவில்லை. அவசரம்ங்க, அப்பா தறிக் கணக்கை இதில்தான் எழுதப் போகிறார்.

நொய்யல்கரை
எந்த மொழி? விண்டோஸா, லினக்ஸா? சேவ் செய்யும் அந்த நாலு வரி எப்படி எழுதியிருக்கிறது? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

பொள்ளாச்சி_சந்தை
க்ளோஸ் பண்ணியிருக்க மாட்டீர்கள். எழுதியது ஃபைலுக்குப் போகாமல் பஃபரிலேயே, அதாவது தற்காலிக நினைவகத்திலேயே நின்றுவிடும். எனக்கு இதே மாதிரி எத்தனையோ தடவை ஆகியிருக்கிறது. க்ளோஸ் போடுங்கள், முடிந்தது.

கூடுதுறை
எனக்கு ஆன்டிவைரஸ் மேல்தான் சந்தேகம். தெரியாத புரோகிராம் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் எழுதினால் சில மெஷினில் தடுக்கும். டி டிரைவில் சேவ் செய்து பாருங்கள்.

சிங்காநல்லூர்_சீனியர்
மாதம் ஒருவர் எடிட்டர் செய்யக் கிளம்பிவிடுகிறார். நோட்பேடு இருக்கும்போது இது எதற்கு? எரர் வரவில்லை என்கிறவர்களில் பாதிப் பேர் எரர் வரும் இடத்தையே பார்ப்பதில்லை. டாக்குமெண்டேஷனைப் படித்துவிட்டு வாருங்கள்.

சோமனூர்_பாவு
மன்னிச்சுக்குங்க. பைத்தான் மொழி, விண்டோ, பட்டன் வைக்க அதோடு வரும் டிகிண்டர், விண்டோஸ் 10. 'வித்' போட்டுத்தான் எழுதுகிறேன், க்ளோஸ் தானாக ஆகிவிடும். டி டிரைவிலும் அதே கதை. இன்னொன்று, இங்கிலீஷில் அடித்தால் சேவ் ஆகிறது. தமிழில் அடித்தால்தான் 0 பைட். காலேஜ் லேபில் உபுண்டுவில் தமிழும் ஒழுங்காக சேவ் ஆனது.

நொய்யல்கரை
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே கண்ணு! புரோகிராமை எப்படி ஓட்டுகிறாய்? டபுள் கிளிக்கா? ஃபைல் பெயர் பிஒய்டபிள்யூ என்று முடிகிறதா?

சோமனூர்_பாவு
ஆமாங்கண்ணா. கறுப்பு விண்டோ வந்தால் அப்பா பயந்துவிடுவார் என்று அப்படி மாற்றினேன்.

நொய்யல்கரை
எரர் அங்கேதான் போய் ஒளிந்துகொண்டது. பட்டனை அமுக்கும்போது ஏதாவது தப்பானால் டிகிண்டர் அதைக் கன்சோலில், அதாவது அந்தக் கறுப்பு விண்டோவில் எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். பிஒய்டபிள்யூவுக்குக் கன்சோலே கிடையாது, எழுத இடம் இல்லை. பிஒய் என்று பெயர் மாற்றிக் கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டு. 'சார்மேப்' என்ற சொல்லோடு யூனிகோட் எரர் ஒன்று வரும்.

என்கோடிங் என்றால் எழுத்தை பைட்டாக மாற்றும் முறை. அதைச் சொல்லாமல் ஃபைலைத் திறந்தால் பைத்தான் விண்டோஸின் கோட்பேஜை, அதாவது அதன் பழைய எழுத்துப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் மெஷின்களில் அது பெரும்பாலும் சிபி1252. அதில் தமிழுக்கு ஒரு இடம்கூட இல்லை. உபுண்டுவில் யூனிகோடின் யூடிஎஃப்-8, அதில் தமிழும் உண்டு, அதனால் அங்கே தப்பித்தாய். பைத்தான் 3.15இலிருந்து எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8தான் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதுவரை நாம்தான் சொல்ல வேண்டும். அப்புறம், எழுதுவதற்கான டபிள்யூ மோடில் திறந்த உடனே பழைய ஃபைல் துடைக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகுதான் எழுதப் போய் மாட்டுகிறது. 0 பைட் வந்த கதை இதுதான்.

காங்கேயம்_காளை
பழைய பாமினி ஃபாண்டில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை. உள்ளே இருப்பது எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, எந்த மெஷினிலும் சேவ் ஆகும். ஈரோட்டில் எங்கள் மாமா கடையில் கல்யாணப் பத்திரிகை இன்னும் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

கூடுதுறை
சேவ் ஆகும், சரி. பாமினி ஃபாண்ட் இல்லாத மெஷினில் திறந்து பாருங்கள். மணமகன் பெயரே படிக்க வராது.

சிங்காநல்லூர்_சீனியர்
யூனிகோடே நம்மை ஏமாற்றியதுதான். 'கொங்கு' மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறி, யூடிஎஃப்-8இல் 18 பைட். தமிழுக்கென்றே செய்த டேஸ்16 என்கோடிங்கில் எழுத்துக்கு ஒரு குறி, மொத்தம் 6 பைட். 2010இல் தமிழக அரசே ஆணை போட்டது. யாருக்குத் தெரிகிறது?

கூடுதுறை
அதே ஆணையில் யூனிகோடும் இருக்கிறதுங்க. டேஸ்16 உட்கார்ந்திருப்பது அவரவர் சொந்த உபயோகத்துக்கு என்று விட்டுவைத்த இடத்தில். அதில் எழுதி என் போனுக்கு அனுப்பினால் எனக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒரு குட்மார்னிங் படத்துக்கு ஆகிற பைட்டில் ஒரு வருடக் கணக்கை எழுதிவிடலாம், 18 பைட்டுக்கா அழுகிறீர்கள்?

சிங்காநல்லூர்_சீனியர்
படிக்காமல் பேசினால் இப்படித்தான்.

சோமனூர்_பாவு
நொய்யல் அண்ணா, நீங்கள் சொன்ன எரரேதான் வந்தது. 'ஆஸ்க்சேவ்ஆஸ்ஃபைல்' அடைப்புக்குள் என்கோடிங் கொடுத்தேன். இப்போது 'பேட் ஆப்ஷன்' என்கிறது.

நொய்யல்கரை
ஓ, அதையா போட்டிருக்கிறாய்? அது பெயரைக் கேட்டு, ஃபைலையும் தானே திறந்து கையில் கொடுத்துவிடும். என்கோடிங் சொல்ல அதில் வழி இல்லை. கடைசியில் 'நேம்' என்று முடியும் 'ஆஸ்க்சேவ்ஆஸ்ஃபைல்நேம்' எடு. அது பெயரை மட்டும் தரும். நீயே ஓப்பன் போட்டு யூடிஎஃப்-8 சொல். கேன்சல் கொடுத்தால் பெயர் காலியாக வரும், அப்போது பேசாமல் திரும்பிவிடு. டெக்ஸ்டை எடுக்கும்போது 'எண்ட்' வரை எடுத்தால் டிகிண்டர் கடைசியில் ஒரு காலி வரி சேர்த்துத் தரும், 'எண்ட்-1சி' என்று போடு.

ஓப்பன் பக்கமும் அதே என்கோடிங் வேண்டும். விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை என்றால், 'மழை' என்று மட்டும் ஒரு ஃபைலில் வைத்துத் திற, கிறுக்கலாக வரும். 'நூல்' என்று வைத்தால் எரரே வரும். புள்ளியின் மூன்றாவது பைட் 8டி, சிபி1252இல் அந்த இடம் காலி. உகரக் குறிக்கும் அதே கதி. புள்ளியும் உகரமும் இல்லாமல் தறிக் கணக்கு எழுத முடியுமா?

கடைசியாக, நேராக அசல் ஃபைலில் எழுதாதே. அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலில் எழுதி முடித்துவிட்டு, 'ஓஎஸ் ரீப்ளேஸ்' கொண்டு அசல் பெயருக்கு மாற்று. நடுவில் கரண்ட் போனாலும் பழையது பிழைக்கும்.

பொள்ளாச்சி_சந்தை
அப்போ க்ளோஸ் பிரச்சினை இல்லையா?

சோமனூர்_பாவு
வந்துவிட்டதுங்க! தமிழ் சேவ் ஆகிறது, திறக்கிறது. நன்றிங்கண்ணா. நேற்று சோதிக்கிறேன் என்று அப்பா நோட்பேடில் வைத்திருந்த ஆடி மாதக் கணக்கின் மேலேயே சேவ் கொடுத்திருந்தேன், அதுவும் 0 பைட். நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, ராத்திரி உட்கார்ந்து அடிக்க வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தறிக்குப் பாவு நூல் வந்து இறங்குகிறது, கூப்பிடுகிறார்கள்.

சிங்காநல்லூர்_சீனியர்
எரரைப் பாருங்கள் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

காங்கேயம்_காளை
அந்த டேஸ்16 ஃபாண்ட் எங்கே கிடைக்கும்ங்க? மாமா கேட்கிறார்.