ஸ்ரீபுரம் நட்சத்திரப் பாதையில் சக்கர நாற்காலி போகுமா?

அம்மாவுக்கு 72 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கொஞ்சம் நடந்தாலே வீங்கிவிடுகிறது. தை வெள்ளியில் வேலூர் ஸ்ரீபுரம் தங்கக் கோயிலில் நாராயணியைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். திருச்சியிலிருந்து ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குவோம்.

சிக்கல் பாதையில்தான். 2007இல் குடமுழுக்கு கண்ட புதுக்கோயில் என்றாலும் அம்மாவுக்கு அது பழந்தலம் மாதிரி. தங்க விமானம்கூட அவருக்குப் பெரிதில்லை. ஸ்ரீசக்கரத்தை நினைவூட்டும் நட்சத்திர வடிவப் பாதை, நடுவில் மகாலட்சுமி. அந்தப் பாதையைச் சுற்றி முடித்துத்தான் தாயார் முன் நிற்க வேண்டும், இடையில் புகுந்தால் தரிசனம் பாதிதான் என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் பாதை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல்.

சக்கர நாற்காலியைக் குறுக்கு வழியில்தான் விடுவார்கள் என்கிறார் உறவினர் ஒருவர். டிராவல்ஸ்காரரோ முழுப் பாதையும் போகலாம் என்கிறார். முழங்கால் பட்டை, மாத்திரை, மொட்டை மாடியில் நடைப்பழக்கம் எல்லாம் பார்த்தாயிற்று, பலனில்லை.

சமீபத்தில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: சொந்த சக்கர நாற்காலியில் அம்மாவை வைத்து நட்சத்திரப் பாதை முழுவதும் தள்ளிக்கொண்டு போக விடுகிறார்களா?