பேஸ்பால் மைனர் லீக்ல நேர்ல பாத்ததுல இன்னும் மனசை விட்டுப் போகாத ஆட்டம் எது?

இண்டி மணி
2024 ஏப்ரல், இண்டியானாபோலிஸ் விக்டரி ஃபீல்ட். ஸ்கீன்ஸ் போடுறார்னு தெரிஞ்சதும் சாயங்கால மீட்டிங்கைத் தள்ளி வச்சுட்டு ஓடினேன். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பெருசா நம்பியிருந்த இளம் பிட்சர், அதாவது பந்து போடுறவர். அப்போ பைரேட்ஸ் அவரைப் பொத்திப் பொத்தி வச்சிருந்த நேரம். எண்ணி எண்ணித்தான் பந்து போட விடுவாங்க. டிரிபிள்-ஏல (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ) மொத்தமே 7 ஆட்டம், 27 இன்னிங்ஸ் சொச்சம், இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா விட்ட ரன்) 0.99.

அன்னைக்கும் சீக்கிரமே எடுத்துட்டாங்க. பிளேட்டுக்குப் பின்னாடி ஒரு வரிசை முழுக்க ஸ்கவுட்டுங்க, ஆளுக்கொரு ரேடார் கன். அவர் டக்அவுட்டுக்குள்ள காலை வச்சதுதான் தாமதம், அத்தனை பேரும் கன்னைப் பைக்குள்ள போட்டு ஜிப் இழுத்தாங்க. பாதிப் பேர் நேரா பார்க்கிங்குக்குப் போயிட்டாங்க. அடுத்து மாத்து பிட்சருங்க இருக்குற புல்பென்ல இருந்து ஒரு பையன் ஓடி வந்து வார்ம்-அப் போட்டான். 91, 92 மைல் இருக்கும். நாலு பந்து போட்டுட்டு அந்தக் காலி சீட்டுங்களை ஒரு பார்வை பாத்தான் பாருங்க.

மே 11ல ஸ்கீன்ஸ் மேஜர் லீக்ல, பிட்ஸ்பர்க்ல இறங்கிட்டார். அந்த இன்னொருத்தன் எங்க இருக்கான்னு அப்பப்போ தேடிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு இப்படி ஏதாவது?

பிரிட்ஜ்வாட்டர் அப்பா
நம்ம ஏரியா டீம் சோமர்செட் பேட்ரியாட்ஸ், யாங்கீஸோட டபுள்-ஏ டீம் (டிரிபிள்-ஏக்கு ஒரு படி கீழ). சனிக்கிழமை பாலாஜி கோயில், கேன்டீன்ல புளியோதரை, அப்படியே பால்பார்க். எங்க வீட்ல வருஷா வருஷம் இதான் சம்மர்.

2023 சீசன் ஆரம்பம், டொமிங்கஸ். யாங்கீஸ் 51 லட்சம் டாலர் கொடுத்து 16 வயசுல தூக்கிட்டு வந்த பையன், 'மார்ஷியன்'னு பட்டப்பேர் வேற. என் பையன் ஒரு வாரமா தூங்கல. ஆட்டத்துல மார்ஷியன் வரிசையா ஸ்ட்ரைக்கவுட் (மூணு ஸ்ட்ரைக்குல அவுட்). கடைசி தடவை பேட்டைத் தரையில ஒரு தட்டு தட்டிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போறார். பக்கத்துல இருந்து என் பையன் எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "அப்பா, இவரையா பாக்க வந்தோம்?" முன் சீட்டுத் தாத்தா திரும்பி இவனை முறைச்சார்.

செப்டம்பர் 1, ஹூஸ்டன். மேஜர் லீக்ல முதல் ஆட்டம், முதல் பேட்டிங், போடுறது பெரிய தலை வெர்லாண்டர். ஹோம் ரன். டிவி முன்னாடி குதிச்சோம். 8 ஆட்டத்துல 4 ஹோம் ரன் அடிச்சுட்டு முழங்கை லிகமெண்ட் கிழிஞ்சு ஆபரேஷனுக்குப் போயிட்டார். வீட்ல ரெண்டு நாள் யாருக்கும் சரியா சாப்பாடு இறங்கல.

பாக்ஸ்ஸ்கோர் பாலு
அப்பா சார், உங்க பையன் கேட்டது நியாயம், ஆனா நீங்க அங்கேயே விளக்கியிருக்கணும். டொமிங்கஸுக்கு அப்போ 20 வயசு. டபுள்-ஏல ஆடுறவங்க பெரும்பாலும் அவரைவிட மூணு நாலு வயசு மூத்தவங்க. பேட்டிங் ஆவரேஜ் கீழ கிடந்தப்பவும் வாக் (நாலு தப்புப் பந்துக்குக் கிடைக்கிற இலவச பேஸ்) நிறைய வாங்கிட்டு இருந்தார். ஒரு நாள் ஸ்ட்ரைக்கவுட்டை வச்சு என்ன தெரியும்?

என் கதை ரெண்டு வரி. 2022, டேட்டன் (சின்சினாட்டி ரெட்ஸோட ஹை-ஏ டீம், டபுள்-ஏக்கு ஒரு படி கீழ), எல்லி டி லா க்ரூஸ். ஷார்ட்ஸ்டாப் கையில சாதாரணமா உருண்டு போன பந்து. அவன் எடுத்து எறியறதுக்குள்ள எல்லி பேஸைத் தாண்டிட்டார். ஒப்பந்தம் போட ரெட்ஸ் அவருக்குக் கொடுத்தது வெறும் 65,000 டாலர்.

இப்போ விஷயத்துக்கு வரேன். ப்ராஸ்பெக்ட் (மேல போவாங்கன்னு நம்புற இளம் ஆட்டக்காரங்க) ஃபாலோ பண்றவங்க முதல்ல வயசைப் பாருங்க, அப்புறம்தான் நம்பர். 19 வயசுல ஹை-ஏல .250 ஆவரேஜ் அடிக்கிறதும் 24 வயசுல அதே இடத்துல .310 அடிக்கிறதும் ஒண்ணு கிடையாது. அடுத்து ஸ்ட்ரைக்கவுட், வாக் ரெண்டையும் சேத்துப் பாருங்க. ஸ்பென்சர் ஜோன்ஸ் இதே சோமர்செட்ல 2024ல 200 ஸ்ட்ரைக்கவுட். ஆனா 2025ல பந்தைப் பறக்க விட்டு மறுபடி எல்லார் வாயிலயும் விழுந்தார், அதனால ஒரு சீசனை வச்சு யாரையும் எழுதித் தள்ளவும் கூடாது. மூணாவது, எந்த ஊர் மைதானம்னு பாருங்க. அல்புகர்க்கி 5,000 அடி உயரத்துல இருக்கு, காத்து லேசு, பந்து பறக்கும். அந்த டீம் ஆடுற பசிஃபிக் கோஸ்ட் லீக்ல ஒருத்தன் 25 ஹோம் ரன் அடிச்சான்னா நான் கண்ணைக்கூட சிமிட்ட மாட்டேன். பிட்சரைப் பாக்கணும்னா டிக்கெட்டை அவசரப்பட்டு எடுக்காதீங்க. 2021ல இருந்து பெரும்பாலும் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரைக்கும் ஒரே டீமோட ஆறு ஆட்டம், ஆட்டத்தைத் தொடங்குற பிட்சருக்கு வாரம் ஒரு நாள்தான். யார் போடுறாங்கன்னு ரெண்டு நாள் முன்னாடிதான் தெரியும், அதுவும் மாறும். பிளேட்டுக்கு நேர் பின்னாடி உக்காராதீங்கன்னும் சொல்லுவேன், பேட்டரோட கால் தெரியாது.

டர்ஹம்காரன்
பாலு அண்ணே, கேட்டது அனுபவம். நீங்க டியூஷனே எடுத்துட்டீங்க.

பிரிட்ஜ்வாட்டர் அப்பா
பாலு சார், 9 வயசுப் பையன்கிட்ட வாக் ரேட் பத்திப் பேசச் சொல்றீங்க. நீங்க ஒரு நாள் வாங்க, புளியோதரை தரேன், நீங்களே பேசிப் பாருங்க.

ஃபிரிஸ்கோ வெயில்
2024 ஆகஸ்ட், ரைடர்ஸ் ஃபீல்ட், டெக்சஸ் ரேஞ்சர்ஸோட பிட்சர் குமார் ராக்கர். திருச்சியில இருந்து அம்மா வந்திருந்தாங்க. ராத்திரி 7 மணிக்கும் நெருப்பா கொதிக்குது. ரைட் ஃபீல்டுக்குப் பின்னாடி அந்தச் செயற்கை ஆத்துல ஜனம் மிதந்துகிட்டே மேட்ச் பாக்குது, அம்மா அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு போர்டுல 'குமார்'னு வந்ததும், "ஏன்டா, நம்ம பையனா?" எங்களைச் சுத்தி நாலஞ்சு இந்தியக் குடும்பம். யாரோ ஒருத்தர் "குமாரு, போடு!"ன்னு கத்தினார், அப்புறம் வரிசையே கத்துது.

ஒரு ஸ்லைடர் (கடைசியில விலகித் திரும்புற பந்து) போட்டார். பேட்டர் முழங்கால் மடங்கி உக்காராத குறை. அம்மாவுக்கு ரூல் ஒண்ணும் தெரியாது, ஆனா அந்தப் பந்துக்குக் கை தட்டினாங்க.

எனக்கு நெஞ்சை அடைச்சது வேற காரணத்துக்கு. 2021 டிராஃப்டுல (டீமுங்க வரிசையா புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்குற முறை) மெட்ஸ் இவரை 10வதா எடுத்துட்டு, மெடிக்கலைப் பாத்துட்டு, கையெழுத்தே போடல. தோள்ல ஆபரேஷன். வாண்டர்பில்ட் காலேஜ்ல கூடவே போட்ட ஜாக் லைட்டர் அதே டிராஃப்டுல 2வது ஆளாப் போயாச்சு. இவர் மேஜர் லீக் டீம்களோட சம்பந்தமில்லாத இண்டிபெண்டன்ட் லீக்ல போய்ப் போட்டுத்தான் 2022ல ரேஞ்சர்ஸ்கிட்ட 3வது ஆளா வந்தார். 2023 மே, முழங்கை, மறுபடி கத்தி. அத்தனைக்கும் அப்புறம் அந்த ஸ்லைடர். செப்டம்பர் 12ல சியாட்டில்ல முதல் மேஜர் லீக் ஆட்டம், 4 இன்னிங்ஸ், 7 ஸ்ட்ரைக்கவுட். அம்மா ஊருக்குப் போயிட்டாங்க, வாட்ஸ்அப்ல ஸ்கோர் அனுப்பினேன். "எந்தக் குமார்?"னு கேட்டாங்க.

டர்ஹம்காரன்
இதுக்குக் கீழ "அவர் தமிழர்தான்"னு ஒருத்தர் வந்து எழுதப் போறார், அதனால முன்கூட்டியே சொல்லிடறேன். அம்மா லலிதா இந்திய வம்சாவளி. அப்பா டிரேசி ராக்கர், என்.எஃப்.எல்.ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினவர். எந்த ஊர், எந்த மொழின்னு யாரும் கிளப்பி விடாதீங்க. குமார்னு பேர் வச்சதுக்கே ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடியாச்சு.

கரோலினா கீதா
இங்க எழுதுறவங்க எல்லாரும் மேல போனவங்களைப் பத்தியே எழுதறீங்க. மணி சொன்ன அந்த இன்னொரு பையனைப் படிச்சதும்தான் எனக்கு எழுதணும்னு தோணுச்சு.

2019. ஒரு சிங்கிள்-ஏ (மைனர் லீக்ல கீழ்ப் படி) டீம் இருக்குற சின்ன ஊர், பேர் வேண்டாம். எங்க அப்பார்ட்மெண்ட்ல கீழ் வீட்ல அந்த டீம் பசங்க ஆறு பேர், ரெண்டே பெட்ரூம். சாமான்னு சொல்ல ஒண்ணும் கிடையாது, வரிசையா காத்து அடிச்ச மெத்தை. கதவு திறந்திருந்தா தெரியும், ஒரு மெத்தை சமையல் மேடைக்கு ஒட்டி, ஃபிரிட்ஜ் கதவு பாதிக்கு மேல திறக்காது. அப்போ சிங்கிள்-ஏல வாரத்துக்கு 290 டாலர், அதுவும் சீசன் நடக்குற மாசங்களுக்கு மட்டும். அதுல வாடகை, சாப்பாடு, ஊருக்குப் பணம்.

அதுல ஒரு டொமினிகன் பையன், கேட்சர் (பேட்டருக்குப் பின்னாடி பந்து பிடிக்கிறவன்). இங்கிலீஷ் சுத்தமா வராது. ஒரு நாள் ராத்திரி 11 மணிக்குக் கதவைத் தட்டி போனை நீட்டினான். மொழிபெயர்ப்பு ஆப்ல, "மேடம், உங்கள் வீட்டில் ஐஸ் இருக்கிறதா"ன்னு இங்கிலீஷ்ல இருந்துச்சு. வலது கட்டை விரல் வீங்கி நீலம் பாய்ஞ்சு கிடக்கு. டிரெயினர்கிட்ட காட்டலையான்னு கேட்டேன். அவசரமா கையை ஆட்டினான், வேணாம் வேணாம்னு. காட்டினா உக்கார வச்சுடுவாங்கன்ற பயம்னு எனக்கு அப்புறம்தான் பிடிபட்டுச்சு. ஐஸும், மிச்சம் இருந்த எலுமிச்சை சாதமும் கொடுத்தேன். டப்பாவை மறுநாள் கழுவி, உள்ள நாலு சாக்லேட் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

ஜூலைல ஒரு நாள் ஆளைக் காணோம். டீம் வெப்சைட்ல அன்னிக்குத் தேதி போட்டு ஒரே வரி, ரிலீஸ்டு, அதாவது டீம்ல இருந்து அனுப்பியாச்சு. குப்பைத் தொட்டி பக்கத்துல மெத்தை மடிச்சு வச்சிருந்துச்சு. வேற எந்த டீம்லயும் அவன் பேர் அப்புறம் வரல, நான் இப்பவும் தேடுவேன்.

2022ல இருந்து வீடு டீமே கொடுக்கணும்னு ஆயிடுச்சு, 2023 யூனியன் ஒப்பந்தத்துல சிங்கிள்-ஏ சம்பளம் வருஷத்துக்கு 26,200 டாலர் ஆச்சு. நல்லதுதான். அவனுக்கு என்ன புண்ணியம்?

பாக்ஸ்ஸ்கோர் பாலு
கீதா மேடம், அந்தக் கேட்சர் எத்தனை ஆட்டம் ஆடினார்? பேர் சொன்னா டொமினிகன் வின்டர் லீக், மெக்சிகன் லீக் ரெக்கார்டுல தேடித் தர்றேன்.

கரோலினா கீதா
பேரைப் பொதுவுல போட மாட்டேன் பாலு சார். தனிச்செய்தி அனுப்புறேன். தேடிக் கொடுத்தீங்கன்னா நிஜமாவே நன்றி.

ஸ்கார்பரோ சிவா
மணி அண்ணை, ஸ்கவுட்மார் எழும்பிப் போனதில பிழை சொல்ல ஏலாது. அவைக்கு அது வேலை, அடுத்த நாள் இன்னொரு ஊர். கவலைப்பட வேண்டியது டிக்கெட் வாங்கிப் போட்டு எழும்பிப் போற சனத்தைப் பற்றித்தான்.

என்ரை கதை பஃபலோ, டொரோண்டோ புளூ ஜேஸின்ரை டிரிபிள்-ஏ டீம், 2025 ஆகஸ்ட். எல்லைப் பாலம் பீஸ் பிரிட்ஜில நிண்டு நிண்டு களைச்சு, போய்ச் சேரேக்க ஆட்டம் துவங்கீட்டுது. யேசவேஜ் எண்டு ஒரு பிட்சர் பெடியன். அந்த வருசம் ஏப்ரலில டனீடன், சிங்கிள்-ஏ. பிறகு வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், இப்ப பஃபலோ. நாலு படியும் ஒரே சீசனில. கையை நேர மேல தூக்கி எறியிறான், பந்து கூரையில இருந்து விழுற மாதிரி வருது. ஒரு ஸ்பிளிட்டர் (பேட்டருக்குக் கிட்ட திடீரெண்டு கீழ விழுற பந்து) நிலத்தில குத்திக் கேட்சரின்ரை நெஞ்சில பட்டுது, பேட்டர் அதுக்கும் வீசிப்போட்டு, தன்ரை பேட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறான், ஓட்டை ஏதும் கிடக்கோ எண்டு. எனக்குப் பக்கத்தில இருந்த வெள்ளைக்கார மனுசி விழுந்து விழுந்து சிரிச்சுது.

செப்டம்பர் 15 டொரோண்டோவுக்காக முதல் மேஜர் லீக் ஆட்டம். ஒக்டோபர் 29 வேர்ல்ட் சீரிஸ் (இறுதித் தொடர்) ஐஞ்சாவது ஆட்டம், டொட்ஜர்சுக்கு எதிரா 12 ஸ்ட்ரைக்கவுட், ஒரு வாக்கும் இல்லை. எங்கட வீட்டில மச்சான்மார் எல்லாம் எழும்பி நிண்டு கத்தீனம், நான் மட்டும் அந்த பேட்டைத் திருப்பிப் பாத்த பெடியனை நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு இருந்தனான். பாலு அண்ணை, பிளேட்டுக்குப் பின்னால இருக்கக் கூடாது எண்டு சொன்னியள். அங்க இருந்தபடியால்தான் எனக்கு இது தெரிஞ்சது.

பஃபலோ போற ஆக்கள் ஏப்ரல், மேயில போனால் தடிச்ச ஜாக்கெட் கொண்டு போங்கோ. ஏரிக்காத்து சும்மா விடாது.