மில்லுக்காரங்க ஷிப்டு போக மீதி நேரத்துல என்ன பண்ணினாங்க? உங்க வீட்டுக் கதையைச் சொல்லுங்க

சிங்காநல்லூர்க்காரன்:
நானே ஆரம்பிச்சு வெக்கறேனுங்க. எங்கப்பா ஸ்பின்னிங்ல, அதான் நூல் நூக்கற பிரிவுல, சைடு (மெசினோட ஒரு பக்கம்) பார்த்தவர். 1930-கள்ல பைக்காரா கரண்டு வந்த பிறகு சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம்னு மில்லு பெருகின ஊர் எங்க கோயமுத்தூர். மில்லு சங்குதான் எல்லாருக்கும் கடிகாரம்.

மாரியம்மன் நோம்பிக்கு லைன் வீட்டு (மில்லுக்காரங்க வரிசை வீடு) ஆளுங்க நாடகம் போடுவாங்க. பெரிய தலைவலி வசனம் இல்லை, ஷிப்டு. ராஜா பகல்ல இருப்பார், மந்திரிக்கு அரை நைட் (சாயங்காலத்துல இருந்து நடுராத்திரி வரை), கோமாளிக்கு முழு நைட் (நடுராத்திரியில இருந்து காலை வரை). அடுத்த வாரம் எல்லாம் மாறிடும். மூணு பேரும் ஒண்ணா நிக்கறது வார லீவுல மட்டும்தான். அதனால ஒவ்வொரு வேஷத்தையும் வேற ஷிப்டுல இன்னொருத்தர் பாடம் பண்ணி வெச்சிருப்பார். அரை நைட் விட்டு வந்தவங்க நடுராத்திரியில கோயில் திண்ணைல வசனம் பேச, முழு நைட் முடிச்சவங்க காலைல டீக்கடையில அதையே பேசுவாங்க. எங்கம்மா கேட்டுக் கேட்டே மூணு வேஷமும் மனப்பாடம்.

முனிவர் தாடிதான் தமாசு. நாளெல்லாம் பஞ்சுக்குள்ளயே கிடக்கற ஆளுங்க, ஆனா கேட்ல வாட்ச்மேன் மடியைத் தடவாம விடமாட்டார், வேஸ்ட் பஞ்சு ஒரு பிடி வெளிய வராது. அதனால மெத்தைக் கடையில இலவம் பஞ்சைக் காசு குடுத்து வாங்கித் தாடி ஒட்டினாங்க. இலவம் பஞ்சு நிக்குமா? சாபம் விடறப்போ வாயைத் திறந்தா பாதி தாடி முன் வரிசைக்குப் பறக்கும்.

விக்கிரமசிங்கபுரம்:
எங்க தாத்தா பாபநாசம் மில்லு. ஹார்வி சகோதரர்கள் 1880-கள்ல தாமிரபரணித் தண்ணி விசையை நம்பி ஆரம்பிச்சது. உள்ள இரைச்சல்ல பக்கத்துல நிக்கறவர் கத்தினாலும் கேக்காதாம். எல்லாம் சைகைதான். மீசையை முறுக்கினா மேஸ்திரி வாறார்னு அர்த்தம், ரெண்டு விரலைப் பிரிச்சுக் காட்டினா இழை அறுந்துட்டுன்னு அர்த்தம்.

ரிட்டயர் ஆகும்போது காது முக்கால்வாசி போச்சு. ஆனாலும் கோயில் கொடைக்கு (திருவிழா) வில்லுப்பாட்டுல குடம் அடிக்கப் போறதை விடலை. "கேக்காம எப்படித் தாத்தா தாளம் பிடிக்கீங்க?"ன்னு கேட்டேன். "பாடுற அண்ணாவி வாயைப் பாத்தாப் போதும்லே, மில்லுல முப்பது வருசம் அதானே செஞ்சேன்"ன்னார். பாட்டு வரி முடியுற இடத்துல அவர் பத்திக்கட்டை (குடம் அடிக்கற மட்டை) குடத்து வாயில சரியா விழும். நான் நல்லாக் கேட்டும் தப்பு விட்டிருக்கேன்.

ஒண்டிப்புதூர்:
ஆயுத பூசையை விட்டுட்டீங்களே! வருசத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் வீட்டு ஆளுங்க எங்களை மில்லுக்குள்ள விடுவாங்க. கலர் பேப்பர் தோரணம், காலிக் கோன்களை அடுக்கிக் கோபுரம், ஒவ்வொரு டிபார்ட்மென்டும் போட்டி போட்டு ஜோடிப்பாங்க. பஞ்சைச் சிக்கெடுக்கற கார்டிங்கைவிட, எங்கம்மா இருந்த, நூலைக் கோன்ல சுத்தற கோன் வைண்டிங்தான் எப்பவும் அழகு (எனக்கு அப்படித்தான் தோணும்). மெசின் எல்லாம் நின்னு கிடக்க, அந்த அமைதியில பொரி சாப்பிட்டது மறக்கலை. 2020 ஊரடங்குல மூடின மில்லு, இன்னும் ஓடலை. பூசையும் போச்சு.

வேடசந்தூர் ஹாஸ்டல்:
நீங்க எல்லாம் அந்தக் காலம். நான் இப்போதைய ஆள். திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லு ஹாஸ்டல்ல இருந்தேன். வெளிய போகணும்னா வார்டன் கையெழுத்து வேணும், ஞாயித்துக்கிழமை போன்ல பேசவும் வரிசை. அதை நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா எங்க ரூம்ல கோல நோட்டு ஒண்ணு சுத்தும். ஊருக்குக் கிளம்பறவ ஒரு பக்கம் போட்டுட்டுத்தான் போகணும். மார்கழியில ஒடிசாப் பொண்ணுங்க வந்து பார்த்தாங்க. அவங்க ஊர்லயும் அந்தச் சமயத்துல வியாழக்கிழமை லட்சுமிக்குத் தரையில அரிசி மாவு போடுவாங்களாம், ஜோட்டின்னு பேரு. புள்ளியே வெக்கலை. கரைச்ச மாவை விரல்ல தொட்டு நெற்கதிரும் குட்டிப் பாதமும் இழுத்துட்டே போனா ஒருத்தி. எங்களுக்குப் புள்ளி இல்லாம கை ஓடலை, அவளுக்குப் புள்ளி வெச்சா அதைச் சுத்திக் கோடு இழுக்கத் தெரியலை. அவ பேசறது எனக்கும் நான் பேசறது அவளுக்கும் அரைகுறையாத்தான் புரியும், ஆனா நோட்டுல கடைசிப் பக்கங்கள் முழுக்க அவளோடதுதான்.

சிங்காநல்லூர்க்காரன்:
கும்மி உண்டா உங்க பக்கம்? இங்க வள்ளி கும்மி (வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடறது) மறுபடி சூடு பிடிச்சிருக்கு. முன்ன ஆம்பளைங்க மட்டும் ஆடினது. தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயா பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுத்தார், 2024-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. என் தங்கச்சி இப்ப பகல் ஷிப்டு வாரத்துல மட்டும் போய்க் கத்துக்கறா. அரை நைட் வந்தா அந்த வாரப் பாட்டு போச்சு.

அப்புறம், பழைய நாடக நோட்டு யார் வீட்டுப் பரண்லயாவது இருந்தா சொல்லுங்க. எங்கப்பாவோடதுல கடைசி அங்கத்தைக் கரையான் தின்னுடுச்சு, முனிவர் யாருக்குச் சாபம் விட்டார்னே தெரியலை.