புதுப்பிப்பு: கடைசி 200 மீட்டர் ஸ்பிரிண்ட்

பொள்ளாச்சிப் பக்கம் சைக்கிள் பந்தயங்களில் கடைசி 200 மீட்டரில் எல்லோரும் என்னைத் தாண்டிவிடுகிறார்கள், என்ன செய்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

கைகொடுத்தது உடுமலை அண்ணா சொன்ன யோசனை: 'பின்சக்கரத்துல 11 பல் இருக்கிற கனமான கியர்ல கிளம்பாதீங்க, 14 பல் இருக்கிற லேசான கியர்ல கிளம்புங்க.' முன்னால் பெடலோடு இருக்கும் பல்சக்கரத்தில் 50 பல் இருக்க, 14இல் நிமிடத்துக்கு 110 சுற்று மிதித்தால் மணிக்கு 50 கிலோமீட்டர் பக்கம் வந்துவிடுகிறது. 11இல் அந்த வேகம் ஏறுவதற்குள் முடிவுக்கோடு வந்துவிடும். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, எழுந்து நின்று மிதித்து, கால் தடதடவென்று சுழல ஆரம்பித்ததும் ஒரு கியர் ஏற்றுகிறேன். போன பந்தயத்தில் மூன்றாவது இடம்!

எதிர்பாராதது காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடித்தால் 200 மீட்டர் தாங்காது. காற்று மறைவுக்காக முன்னால் போகிறவர் சக்கரத்தை ஒட்டியே இருந்து, கோட்டுக்கு 120 மீட்டர் வாக்கில் இருக்கும்போது வெளியே வருவதுதான் சரிப்படுகிறது.