தோட்டத்தில் ரெண்டு கூடாரம் போட்டு விருந்தினரைத் தங்க வைக்கணும்: எங்கே, எப்படி?

பள்ளத்தூர் தோட்டம்:
வணக்கம். பள்ளத்தூர் பக்கம் 6 ஏக்கர். பாதி கண்மாய்ப் பாசன நெல், மீதி செம்மண் மேட்டில் கடலை, மா, கொஞ்சம் முந்திரி. நாலு மாடு, ஆடு உண்டு. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வர்றவங்க தங்குற மாதிரி 12க்கு 18 அடியில் ரெண்டு கேன்வாஸ் கூடாரம், கட்டில், தனிக் கழிப்பறையோட போட நினைக்கிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார் மூணு பேர்தான் பார்த்துக்கணும், விவசாயம் நிற்காது. கண்மாய்க் கரையோரம் இடம் அழகா இருக்கு, அங்கேயே போடலாமா? ஏசி வேணுமா? கரண்டு, தண்ணிக்கு என்ன வழி?

தேவகோட்டை மேஸ்திரி:
கரையோரம் வேண்டாம் தங்கச்சி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைஞ்சா நிலத்தடி மட்டம் ஏறி, உறிஞ்சுகுழி தண்ணியை வாங்காது, கழிப்பறை எதுக்களிக்கும். செம்மண் மேட்டுல போடுங்க, கரையில உட்கார ரெண்டு கல் பெஞ்சு போதும். தென்னைக்கு அடியிலயும் கூடாது. தேங்காயும் மட்டையும் விழும்.

மேடை ரெண்டு அடி உயரம். மரக்கால் நட்டா கரையான் விடாது. வேலிக்கு ஊன்றும் கல்லுக்காலையே அளவா வெட்டி நிறுத்தி, மேலே இரும்புச் சட்டம், அதுமேல பலகை. மேடை கூடாரத் துணியைத் தாண்டி வெளியே நீளக்கூடாது. நீண்டா மழைத்தண்ணி அதுல விழுந்து உள்ளேதான் ஓடும். முன்னாடி திண்ணை வேணும்னா அதை ஒரு அங்குலம் தாழ்த்திடுங்க. நீளவாக்கு கிழமேற்கா இருந்தா சாயங்கால வெயில் குறுகின பக்கத்துல மட்டும் அடிக்கும். வடகிழக்குப் பருவமழைச் சாரல் உள்ளே அடிக்கும், அதனால வாசல் வடகிழக்கு பார்க்கவே கூடாது.

கூடாரத்தோட வர்ற முளை இந்த மண்ணுக்கு ஆகாது. காய்ஞ்சா இறங்காது, நனைஞ்சா பிடி விட்டுடும். ஒவ்வொரு கயித்துக்கும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே அளவில் குழி எடுத்து, கொக்கி வெச்சுக் கான்கிரீட் நிரப்புங்க. 230 கிலோ எடை வரும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் பண்ணினது மறக்காது. புயல் எச்சரிக்கை வந்தா துணியை இறக்கிடணும், மழை விட்டதும் பிரிச்சுக் காய வைக்கணும். ஈரத்தோட மடிச்சே கிடந்தா பருத்திக் கேன்வாஸ் பூஞ்சை பிடிச்சுப் போயிடும்.

துணிச்சுவர் குளிரைப் பிடிச்சு வைக்காது, அதனால ஏசி கரண்டுக்குத்தான் செலவு. கூரைக்கு மேல ஒன்றரை அடி இடைவெளி விட்டு நிழல்வலைப் பந்தல் போடுங்க. அந்த இடைவெளியில காத்து ஓடுறதுதான் சூட்டைக் குறைக்கும். கிடுகு இன்னும் குளிர்ச்சி, ஆனா நெருப்புப் பயம். ஏப்ரல் முதல் ஜூன் வரை மூடிடுறது நல்லது. டிசம்பர் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரைதான் இதுக்கு உண்மையான காலம்.

காரைக்குடி வயர்மேன்:
அக்கா, இலவச விவசாய இணைப்பிலிருந்து கூடாரத்துக்கு ஒரு பல்புகூட இழுக்காதீங்க. விருந்தினர் தொட்டியை அந்த மோட்டாரில் நிரப்புறதும் விவசாயப் பயன்பாடு ஆகாது; அபராதம் வரும். தனியா வணிக இணைப்பு வாங்குங்க. கூட்டுப் பட்டான்னா பங்காளிகள் சம்மதக் கடிதத்தை முன்னாடியே தயார் பண்ணுங்க, அதுலதான் நாள் இழுக்கும். ஒவ்வொரு கூடாரத்துக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம். செம்மண் காய்ஞ்சா எர்த் சரியா வேலை செய்யாது, அதனால எர்த் குழியில அப்பப்போ தண்ணி ஊத்தணும்.

நாலு விருந்தினர், துணி துவைக்கிறது எல்லாம் சேர்த்து நாளைக்கு 1000 லிட்டர் வெச்சுக்குங்க. கறுப்புத் தொட்டி வெயில்ல நின்னா மத்தியானம் குழாய்த் தண்ணி கையைச் சுடும். மேலே கூரை போடுங்க. உறிஞ்சுகுழி கிணத்திலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குளிக்கிற தண்ணியை அதுல விடாம கல்வாழைப் பாத்திக்குத் திருப்புங்க.

பள்ளத்தூர் தோட்டம்:
ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே, கரையோரத்தை விட்டுட்டோம். சாப்பாட்டை மாமியார் தனியாச் சமாளிக்க முடியுமா?

கானாடுகாத்தான் சமையற்கட்டு:
முடியும், பட்டியல் கொடுத்து "என்ன வேணும்"னு கேட்காத வரைக்கும். காலையில இட்லி அல்லது இடியாப்பம், கூட வெள்ளைப் பணியாரம், மத்தியானம் ஒரே இலைச் சாப்பாடு, ராத்திரி லேசா. கோழி வேணும்னா முதல் நாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள சொல்லணும்னு முன்பதிவிலேயே எழுதிடுங்க. கவுனி அரிசியை ராத்திரியே ஊறப்போடுங்க, அவசரத்துக்கு வேகாது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வாங்கணும். வெளிநாட்டவர் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள இணையத்துல பதியணும். அதுக்கான கணக்கை முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடியே தொடங்கி வைங்க.

நடவு, அறுப்பு வாரங்கள்ல முன்பதிவே எடுக்காதீங்க. மூணு பேர் ரெண்டு பக்கமும் ஓட முடியாது, கெடுறது வயல்தான். மாமரத்துக்கு மருந்தடிக்கிற நாளும், அதுக்கு அடுத்த ரெண்டு நாளும் காலியா இருக்கட்டும். மருந்து டப்பா பூட்டுக்குள்ள. கிணத்துக்கு இடுப்பளவு கைப்பிடிச் சுவர், மேலே கம்பி வலை. பட்டணத்துக் குழந்தைங்களுக்குத் திறந்த கிணறு பழக்கமில்லை.