இம்ப்ரெஷனுக்குத் தமிழ்: கண்படலா, திரைவரவா?

அனைவருக்கும் வணக்கம்.

இணைய விளம்பர அறிக்கையில் இம்ப்ரெஷன் (விளம்பரம் திரைக்கு வந்த தடவை), ரீச் (அது போய்ச் சேர்ந்த ஆள் எண்ணிக்கை), வியூ (வீடியோ பார்க்கப்பட்ட தடவை) மூன்றையும் ‘பார்வை’ என்றே எழுதிவிடுகிறோம். ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி என்று வையுங்கள். இம்ப்ரெஷன் 12,000, ரீச் 4,000, கிளிக் 300. ‘12,000 பார்வை’ என்று கொடுத்தால், “பன்னிரண்டாயிரம் பேர் பார்த்துமா போன் அடிக்கலை?” என்பார் விடுதிக்காரர். ஆள் 4,000தான். ஒவ்வொருவர் முன்னாலும் சராசரியாக 3 முறை வந்திருக்கிறது. சொடுக்கு (கிளிக்) வீதம் 300-ஐ 12,000-ஆல் வகுத்தால் 2.5 சதவீதம். ரீச்சால் வகுத்து 7.5 என்று காட்டும் கெட்டிக்காரர்களும் உண்டு.

இம்ப்ரெஷனுக்குப் ‘பதிவு’ ஆகாது, போஸ்ட்டுக்கு அது போய்விட்டது. ‘இந்தப் பதிவின் பதிவுகள்’ என்று எழுதிப் பாருங்கள், தெரியும். ‘தோற்றம்’ இன்னும் மோசம்: ‘12,000 முறை தோற்றது’ என்று யாராவது எழுதிவிடுவார்கள். என் பரிந்துரை: கண்படல்.

– அழகாபுரம், சேலம்

> என் பரிந்துரை: கண்படல்.

ஐயா, பழந்தமிழில் கண்படுதல் என்றால் உறங்குதல். அரசன் துயில்வதைப் பாடும் துறைக்கே ‘கண்படை நிலை’ என்று பெயர். இன்றைய பேச்சிலோ கண் பட்டால் எலுமிச்சை, மிளகாய் கட்ட வேண்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இம்ப்ரெஷன் கணக்கில் கண் பட்டதா என்ற கேள்வியே இல்லையே!

நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில், தேடல் முடிவுப் பக்கம் திறந்து அதில் நம் இணைப்பு இருந்தால் ஓர் இம்ப்ரெஷன் ஏறிவிடும். தேடியவர் அதுவரை உருட்டியிருக்க வேண்டியதில்லை. யூடியூபில் வீடியோவின் முகப்புப் படம் பாதியாவது தெரிந்து, 1 வினாடிக்கு மேல் நின்றால்தான் ஏறும். ஒரே பெயர், இரண்டு அளவை.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் ஒரு விளம்பரப் பலகை நிற்கிறது. பேருந்து கடந்தால் ஒரு வரவு. பலகைப் பக்க ஜன்னலில் இருப்பவருக்குத் தெரியும். மறுபக்கம் இருப்பவருக்குப் பள்ளத்தாக்குதான். பனி இறங்கிவிட்டால் யாருக்குமே தெரியாது. தினமும் ஏறி இறங்கும் காய்கறி வண்டிக்காரர் ஒரே ஆள், ஆனால் மாதத்தில் அறுபது வரவு.

ஆகவே இம்ப்ரெஷன் ‘திரைவரவு’. கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருந்ததைத் தனியாகப் ‘புலப்பட்ட வரவு’ எனலாம். இதற்கு விளம்பர, ஊடக அளவீடுகளைத் தணிக்கை செய்யும் அமெரிக்க அமைப்பான மீடியா ரேட்டிங் கவுன்சில் 2014-இல் வகுத்த அளவு: படவிளம்பரமானால் பாதிப் பிக்சல் தொடர்ந்து 1 வினாடி, வீடியோவானால் 2 வினாடி. 970க்கு 250 பிக்சல் போன்ற பெரிய பட்டை (பேனர்) விளம்பரங்களுக்கு 30 சதவீதம் தெரிந்தால் போதும். மொத்தத் திரைவரவில் புலப்பட்ட வரவு எத்தனை சதவீதமோ அது ‘புலப்பாட்டு வீதம்’. இந்த வீதம் குறைந்தால் முதலில் பக்கத்தின் அடியைப் பாருங்கள்: யாரும் உருட்டி வராத இடத்தில் பட்டை கிடக்கும். அடுத்தது, படம் மெதுவாக இறங்கி, அதற்குள் வாசகர் நகர்ந்துவிடுவது.

– ஏற்காடு

இருவருக்கும் வணக்கம்.

திரைவரவு என்றதும் ‘விரைவில் திரைக்கு வருகிறது’தான் காதில் விழுகிறது. பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டிப் போய்வரும் ஊர் இது, என்ன செய்ய! ஆனாலும் கண்படலை விட இது மேல், எண்ணக்கூடிய சொல். ‘வரவு’ என்று மட்டும் சுருக்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ‘12,000 வரவு’ என்றால் கல்லாவைத் திறந்து பார்ப்பார்கள்.

ரீச்சுக்கு ‘எட்டிய ஆள்’ என்பேன். சொல்லிலேயே ‘ஆள்’ இருக்கட்டும், கூட்டுகிற கை கொஞ்சம் நிற்கும். திங்கள் 1,000, செவ்வாய் 1,000 என்றால் திரைவரவைக் கூட்டி 2,000 என்று போடலாம். எட்டிய ஆளைக் கூட்டக் கூடாது, செவ்வாய் வந்தவரில் பாதிப் பேர் திங்களும் வந்தவராக இருக்கலாம். இரண்டு நாளுக்கும் சேர்த்து அறிக்கையை மறுபடி எடுக்க வேண்டும். ஒருவரே இரண்டு கணக்கு வைத்திருந்தால் இரண்டு ஆளாகவும் விழலாம், அந்தக் குறை இதிலும் இருக்கத்தான் செய்யும்.

‘பார்வை’யை வியூவுக்கு மட்டும் விடுவோம் என்றால் யூடியூபின் குறுவீடியோவான ஷார்ட்ஸ் இடிக்கிறது. 2025 மார்ச் 31 முதல் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, மறுபடி ஓடினால் இன்னொன்று. இத்தனை வினாடி பார்த்திருக்க வேண்டும் என்று எதுவுமில்லை. அதற்கு ‘ஓட்டம்’ பொருந்துமா?

– அஸ்தம்பட்டி, சேலம்