தூங்குமூஞ்சி மரத்தின் நுனிக்கிளைக்குச் செல்லும்போது ஏறு கயிற்றை எங்கே திருப்புவது?

அல்சூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வளாகத்தில் நிற்கும் முதிய தூங்குமூஞ்சி மரத்தில், கூரைக்கு மேல் நீண்டுவிட்ட இரண்டு கிளைகளின் நுனியைக் குறைக்கும் வேலை எங்கள் குழுவிடம் வந்துள்ளது. மர அலுவலரின் அனுமதி கிடைத்துவிட்டது. கோடை மழையும் காற்றும் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும். நடுமரத்தின் உச்சிக் கவையில் (கிளை பிரியும் இடத்தில்) கயிற்றைப் போட்டு, அதன் இரு பக்கங்களும் (கால்களும்) ஏறுபவரிடம் வந்து சேரும் இரட்டைக் கயிற்று முறையில் ஏறுகிறோம். கிளையின் நுனியை நெருங்க நெருங்கக் கயிறு சாய்ந்து படுத்துவிடுவதால், கால் வழுக்கினால் ஆள் வீசப்பட்டு அடிமரத்தில் மோதும் நிலை இருக்கிறது. ஆகவே இடையில் வேறொரு கிளையில் கயிற்றைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். கவையிலேயே நேராகக் கயிற்றைப் போட்டுக்கொள்ளலாமா, அல்லது ஸ்லிங்கும் (கிளையைச் சுற்றிக் கட்டும் வார்) கப்பியும் கட்டித்தான் ஆக வேண்டுமா? அந்த இடைக்கிளை எவ்வளவு பாரம் தாங்க வேண்டியிருக்கும்?

கவைக்கயிறு எழுதியது:

தம்பி, பாரத்தைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்ற முடிவுகளெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. இடைக்கிளையின் மீது விழும் பாரம் உங்கள் எடையை மட்டும் பொறுத்ததன்று. கயிறு அங்கே எவ்வளவு திரும்புகிறது என்பதையும் பொறுத்தது. கருவிகளோடு 80 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் தொங்கும்போது கயிறு 30 பாகை திரும்பினால் இடைக்கிளைக்கு ஏறத்தாழ 41 கிலோ, 60 பாகை திரும்பினால் அவருடைய முழு எடையான 80 கிலோ, 90 பாகை திரும்பினால் 113 கிலோ பாரம் வரும். ஏறும்போதும் சறுக்கும்போதும் ஏற்படும் உலுக்கல் இதற்கு மேல் சேரும்.

எண்ணைவிட முக்கியமானது அந்தப் பாரம் இழுக்கும் திசை. பாரம் நேர் கீழாக இறங்குவதில்லை. உச்சிக் கவையிலுள்ள மேல் கட்டுக்குப் போகும் கயிற்றுக்கும் உங்களிடம் வரும் கயிற்றுக்கும் நடுவில், அதாவது அடிமரத்தை நோக்கி உள்ளேயும் கீழேயும் சாய்வாக இழுக்கும். வெளிப்புறமாகச் சாய்ந்து மேல்நோக்கி எழும் கிளை இந்த இழுப்பைத் தன் நீளவாக்கில் வாங்கிக்கொண்டு அடிக்குக் கடத்திவிடும். மரக்கட்டை அத்தகைய அழுத்தத்தை நன்றாகவே தாங்கும். நேர் செங்குத்தாக நிற்கும் மெல்லிய கொம்போ அதே பாரத்தில் உள்நோக்கி வளையும். ஆகவே கைக்கு எட்டுகிறது என்பதற்காக ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்காமல், இழுப்பின் திசையில் படுத்திருக்கும் கிளையைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இடையில் கயிற்றைத் திருப்பிவிட்டதால் உச்சிக் கவையின் சுமை குறைந்துவிடாது. அது இன்னமும் உங்கள் எடையைத் தாங்குகிறது, அதுவும் பக்கவாட்டில். உச்சி மெலிந்திருந்தால் மேல் கட்டை ஒரு கவை கீழே இறக்கிக்கொள்வது நல்லது.

புங்கைநிழல் எழுதியது:

மேலே சொல்லப்பட்டதோடு முழுவதும் உடன்படுகிறேன். மரத்தைப் பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன். இந்த நகரத்தில் நாம் ஏறும் மரங்கள் எல்லாம் ஒரே உறுதியுடையவை அல்ல. புளியும் புங்கையும் வளைந்து கொடுக்கும், முன்கூட்டியே எச்சரிக்கும். குல்மோகர், ஆப்பிரிக்க டூலிப், இயல்வாகை ஆகியவற்றின் கிளைகள் எச்சரிக்கை எதுவும் தராமல் முறியக்கூடியவை. தூங்குமூஞ்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆனால் முதிய மரமென்றால் பழைய வெட்டுக்காயத்தின் வழியே நீர் இறங்கி உள்ளே குடைந்திருக்கலாம் என்பதால், இடைக்கிளையைத் தட்டிப் பார்க்காமல் கயிற்றை ஏற்றாதீர்கள். கவையின் வடிவத்தையும் பாருங்கள். அகலமாக வளைந்த கவை நம்பத்தக்கது. குறுகிக் கூர்மையாகி, இரு கிளைகளின் பட்டையும் உள்ளே மடிந்து புதைந்திருக்கும் கவை பிளந்துவிடும்.

நேராகக் கவையில் கயிற்றைப் போடுவதைப் பற்றி: குறுகிய நேர வேலைக்கு அது தவறில்லை என்பது என் கருத்து.

கவைக்கயிறு எழுதியது:

அதில் மட்டும் மாறுபடுகிறேன், ஐயா. இரட்டைக் கயிற்று முறையில் ஆள் நகரும்போதெல்லாம் கயிற்றின் ஒரு கால் மேலேயும் மறு கால் கீழேயும் எதிரெதிராக ஓடுகிறது. உயிருள்ள பட்டையை அந்த ஓட்டம் அறுக்கிறது, கயிற்றையும் தேய்க்கிறது. உரசல் கூடுவதால் நுனியிலிருந்து அடிமரத்துக்குத் திரும்பி வருவதும் கடினமாகும். களைத்த கையோடு அந்த இழுவையில் போராடுவது ஆபத்தானது. ஸ்லிங் கட்டினாலும் இரண்டு கால்களையும் ஒரே கராபினருக்குள் (திறந்து மூடும் உலோக வளையம்) விட்டால் கயிறு கயிற்றையே உரசும். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனிச் சக்கரம் உள்ள இரட்டைக் கப்பியே பொருத்தம்.

அல்சூர்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. கயிறு ஓடாத ஒற்றைக் கயிற்று முறைக்கு மாறினால் இந்த உரசல் தொல்லை தீருமா? இடைக்கிளையில் கயிற்றைத் திருப்பும் இடைக்கட்டு பிடி விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யாராவது விளக்கினால் குழுவினருக்குச் சொல்ல உதவியாக இருக்கும்.

ஜீவனஹள்ளி எழுதியது:

உரசல் தீரும், ஏனெனில் ஒற்றை முறையில் கயிறு நிற்க, ஆள்தான் அதன் மேல் நகர்கிறார். ஆகவே எத்தனை இடங்களில் திருப்பினாலும் ஏறுவது எளிதாகவே இருக்கும். ஆனால் கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டினால் உச்சிக் கவைக்கு உங்கள் எடையைப் போல இரு மடங்கு வரை பாரம் ஏறும். தூங்குமூஞ்சியின் உச்சி ஐயத்துக்குரியதாக இருந்தால் கயிற்றை மேலேயே கட்டிக்கொள்ளுங்கள். அப்போது ஒரு மடங்குதான்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்கு. இடைக்கட்டு, மேல் கட்டிலிருந்து பக்கவாட்டில் 6 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் கீழே இருக்கிறது என்றும், நீங்கள் அதற்கு நேர் கீழே 5 மீட்டரில் தொங்குகிறீர்கள் என்றும் கொள்வோம். கயிற்றின் பாதை ஏறத்தாழ 11.7 மீட்டர், மேல் கட்டுக்கும் உங்களுக்கும் உள்ள நேர்த்தூரமோ 10 மீட்டர்தான். கட்டு அறுந்தால் அந்த 1.7 மீட்டர் தளர்வும் ஒரே கணத்தில் விழுகையாக மாறி, அதன் பிறகு அடிமரத்தை நோக்கி வீசப்படுவீர்கள். வீச்சின் அடிப்புள்ளி நீங்கள் தொங்கிய இடத்தைவிட 3.7 மீட்டர் தாழ்வாக இருக்கும்; இடையில் கூரையோ சுற்றுச்சுவரோ இருந்தால் அதில்தான் மோதல். எனவே இடைக்கட்டையும் மேல் கட்டைப் போலவே உயிரைத் தாங்கும் கட்டாகக் கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும். ரம்பத்தை எடுப்பதற்கு முன், வேலை செய்யும் கிளையிலும் குறுங்கயிற்றால் இரண்டாவது கட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாகக் கயிற்றை மீட்பது. நுனியிலிருந்து நேரே தரைக்கு இறங்கிவிட்டால் ஸ்லிங்கும் கப்பியும் மேலேயே தங்கிவிடும், அவற்றுக்காக மீண்டும் ஏற வேண்டும். ஆகவே கூரைப் பக்கத்துக் கிளைகளில் தொலைவானதை முதலில் முடித்து, திரும்பும் வழியில் இடைக்கட்டை அவிழ்த்துக்கொண்டு நடுமரத்துக்கு வந்து, அங்கிருந்து இறங்குங்கள். வேலைக்கு முன் தெருப்பக்கத்து மின்கம்பி எந்தக் கிளைக்கு அருகில் போகிறது என்பதைத் தரையில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, கயிறு வீசப்படக்கூடிய பாதை அதன் பக்கம் போகாதபடி இடைக்கிளையை முடிவு செய்யுங்கள்.